மூன்று மனுக்கள்

எனக்கு இருபத்து நாலு வயதாக இருந்தபோது ஒரு கம்பெனியில், கணக்குப் பகுதியில் குமாஸ்தாவாக இருந்தேன். மாதக் கடைசி வந்துவிட்டால் இரவு ஒன்பது மணி, பத்து மணி வரையில் எங்களை உட்கார வைத்துவிடுவார்கள். அதற்குத் தனியாகப் படி கிடையாது. ஒரு கப் டீ மட்டும் உண்டு. ஒரு நாள் பகுதியில் இருந்த பதினொரு பேரும் காண்டீனில் கூடிப் பேசி, மேலிடத்துக்கு ஒரு மனு எழுதுவது என்று தீர்மானித்தோம். அந்தச் சமயத்தில் என் சிறுகதை ஒன்று ஒரு பத்திரிகையில் வெளியாகியிருந்தது. அது போதாதா? "நம்ம எழுத்தாளர்தான் இருக்கிறாரே!" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் அடிக்கப் பயந்துகொண்டு, வீட்டில் உட்கார்ந்து கையாலேயே எழுதினேன். நாலு பக்கம். உழைப்பின் உயர்வு, நடுநிசியில் வீடு திரும்பும் தகப்பன், தூங்கிவிட்ட குழந்தை - ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எங்களில் மூத்தவர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் பாக்கி. அவர் நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இதிலே முழுக்க நீதான் இருக்கே. நாம எத்தனை மணி நேரம் கூடுதலா வேலை பார்த்தோம், எவ்வளவு கேக்கறோம், அது எங்கே இருக்கு?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த மனுவுக்கு என்ன கதி நேர்ந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அன்று முதல் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சரித்திரப் புத்தகம் எதைப் புரட்டினாலும், யுத்தங்களையும் பட்டாபிஷேகங்களையும் தள்ளிவிட்டு, வேலைக்காரன் முதலாளிக்கு எழுதிய மனு எங்கேயாவது அகப்படுகிறதா என்று தேடுவேன். அப்படி அகப்பட்டவற்றில் மூன்றைப் பற்றி இங்கே சொல்ல ஆசைப்படுகிறேன். மூன்றும் இங்கிலாந்தில், முப்பத்தோரு வருஷ காலத்துக்குள் எழுதப்பட்டவை. முதல் இரண்டையும் எழுதியவர் ஒரே மனிதர்.

தாமஸ் பெயின் என்ற பெயரைக் கேட்டதும் அமெரிக்கச் சுதந்திரப் போர் நம் நினைவுக்கு வரும். ஆனால் அதற்கு முன்னால் அவர் இங்கிலாந்தில் கலால் இலாகாவில் ஒரு சாதாரண உத்தியோகஸ்தர் என்பது பலருக்குத் தெரியாது. 1737-ல் தெட்போர்டு என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் பெண்கள் அணியும் கச்சுகளைத் தைத்துப் பிழைத்தவர். மகனும் அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு, அதில் பிழைக்க முடியாமல், 1762-ல் கலால் இலாகாவில் புகுந்தார்.

அந்த நாளில் கலால் உத்தியோகம் என்றால் குதிரை மேல் ஏறி ஊர் ஊராகப் போக வேண்டும். சாராயம் காய்ச்சுகிறவர்கள், தேயிலை விற்கிறவர்கள் முதலியோருடைய சரக்கை அளந்து, எடை போட்டு, வரி கணக்கிட வேண்டும். கள்ளக் கடத்தல்காரர்களையும் கண்காணிக்க வேண்டும். ஜனங்களுக்கு இந்த மனிதனைக் கண்டாலே ஆகாது. சம்பளமோ வருஷத்துக்கு ஐம்பது பவுன்.

வேலைப் பளு தாங்காத அந்த உத்தியோகஸ்தர்களிடையே ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. கடைக்குப் போகாமலேயே, போய்ச் சரக்கைப் பார்த்ததாகப் புத்தகத்தில் எழுதிவிடுவார்கள். பெயினும் எழுதினார், அகப்பட்டுக் கொண்டார். 1765 ஆகஸ்டில் வேலை போயிற்று.

அடுத்த வருஷம், 1766 ஜூலை 3-ஆம் தேதி, அவர் கலால் வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். இதுதான் நான் சொல்லும் முதல் மனு. பிற்காலத்தில் ராஜாக்களையே உலுக்கிய அந்தப் பேனா, இந்தக் கடிதத்தில் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நிற்கிறது. என்னைத் தண்டித்தது நியாயம். தாங்கள் அப்போது காட்டிய தயவுக்கு நன்றி. நாணயக் குறைவு, குடி என்று என் மேல் எந்தப் புகாரும் வந்ததில்லை. மறுபடியும் வேலை கொடுத்தால் தங்கள் நம்பிக்கைக்குப் பாத்திரமாக நடப்பேன் - சாரம் இவ்வளவுதான். மறுநாளே வாரியம் உத்தரவு போட்டுவிட்டது: காலியிடம் ஏற்படும்போது இவரைச் சேர்த்துக் கொள்ளலாம்!

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், மனு என்ற முறையில் அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. எதைக் கொடுக்க அதிகாரம் உண்டோ, அதை அந்த அதிகாரம் உள்ளவர்களிடமே கேட்டார். ஒன்றே ஒன்றைக் கேட்டார். யார் மேலும் பழி போடவில்லை. முக்கியமாக, அதைக் கொடுப்பதில் வாரியத்துக்குக் காலணா நஷ்டம் இல்லை. காலியிடத்துக்கு யாரோ ஒரு ஆள் தேவைதானே? பணிந்து போனதால் கிடைத்தது என்று நாம் நினைக்கிறோம். இலவசமாகக் கொடுக்கக்கூடியது என்பதாலும் கிடைத்தது.

1768-ல் அவர் லூயிஸ் என்ற ஊரில் வேலைக்கு அமர்ந்தார். புகையிலைக் கடைக்காரர் ஒருவர் வீட்டில் குடியிருந்து, அவர் காலமான பிறகு அவருடைய மகளையே மணந்துகொண்டு, கடையையும் கவனித்துக்கொண்டார். மாலை வேளைகளில் 'ஒயிட் ஹார்ட்' என்ற விடுதியில் நண்பர்கள் கூடி விவாதிப்பார்கள். அங்கே பெயினை மிஞ்ச ஆள் இல்லையாம். நன்றாகப் பேசத் தெரிந்தவன் என்றால் ஊர் என்ன செய்யும்? எங்கள் பகுதியில் செய்ததைத்தான் செய்யும். சம்பளம் போதவில்லை என்று நாடெங்கும் கலால் உத்தியோகஸ்தர்கள் மனுப் போட எண்ணியபோது, எழுதும் பொறுப்பு பெயின் தலையில் வந்து விழுந்தது. 1772-ல் அவர் எழுதி முடித்தார். இது இரண்டாவது மனு.

அது இருபத்தொரு பக்கத் துண்டுப் பிரசுரம். 'கலால் உத்தியோகஸ்தர்களின் வழக்கு' என்று தலைப்பு. அதோடு தலைப்பு முடிந்துவிடவில்லை. உத்தியோகஸ்தர்களுக்கு வேண்டிய தகுதிகளைப் பற்றியும், சம்பளம் போதாமையால் சர்க்கார் வருமானத்துக்கு விளையும் பல தீமைகளைப் பற்றியும் என்று நீண்டுகொண்டு போகிறது. இந்தத் தலைப்பிலேயே சூட்சுமம் இருக்கிறது. பெரிய மனிதர்களிடம் போய், 'எனக்குப் பசிக்கிறது' என்றால் அவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். 'உங்கள் பணப் பெட்டியில் ஓட்டை விழுந்திருக்கிறது' என்றால் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

உள்ளே போனால் முதலில் கணக்கு. பெயர் ஐம்பது பவுன். வரி, தர்ம நிதி முதலிய பிடித்தங்கள் போக நாற்பத்தாறு பவுனுக்குச் சற்று அதிகம். உத்தியோகத்துக்குக் குதிரை இல்லாமல் முடியாது. பல ஊர்களில் அதற்கு வருஷத்துக்குப் பதினாலு பவுனுக்குக் குறையாமல் செலவாகும். மிச்சம் முப்பத்திரண்டு பவுன். நாள் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் ஒன்பதே கால் பென்ஸ். எங்கள் மூத்தவர் இதைப் பார்த்திருந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றியிருக்கவே மாட்டார்!

கணக்குக்கு அப்புறம்தான் வாதம். கலால் உத்தியோகஸ்தனைச் சொந்த ஊரை விட்டுத் தொலைவில் போடுகிறார்கள்; ஆபத்துக்கு உறவினர் உதவி கிடையாது. தனியாக ஒரு தொழில் செய்யவும் நேரமில்லை. கையில் காசில்லாத இந்த மனிதனிடம்தான் ராஜாங்கத்தின் வரி முழுவதும் புரளுகிறது. வியாபாரி ஒருவன் ரகசியமாக ஏதாவது நீட்டினால் என்ன ஆகும்? எல்லா உத்தியோகஸ்தர்களும் யோக்கியர்கள் என்று பெயின் சாதிக்கவில்லை. கஷ்டம் முற்றினால் மனிதனுடைய கொள்கை தளர்ந்துவிடும் என்று ஒப்புக்கொள்கிறார். வயிறு நிரம்பியவன் பட்டினி கிடப்பவனுக்கு நாணயத்தைப் போதிப்பது எவ்வளவு சுலபம் என்றும் காட்டுகிறார். சரக்கைப் பார்க்காமலே பார்த்ததாக எழுதி வேலையை இழந்த மனிதர் இதை எழுதுகிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். நல்ல சம்பளம் கொடுத்தால் நல்லவர்கள் வருவார்கள். வந்தவர்கள் நல்லவர்களாகவே இருப்பார்கள். கொடுக்கும் பணம் வரி வசூலில் திரும்பி வந்துவிடும் என்பது அவர் முடிவு.

உத்தியோகஸ்தர்கள் தலைக்கு மூன்று ஷில்லிங் போட்டார்கள். பெயினுடைய கணக்கின்படியே பார்த்தால் அது ஒருவருடைய இரண்டு நாள் கூலிக்குச் சற்றுக் குறைவு. அப்படியும் ஐந்நூறு பவுனுக்கு மேல் சேர்ந்தது. நாலாயிரம் பிரதிகள் அச்சாயின. 1772-ன் குளிர் காலத்தில் பெயின் லண்டனுக்குப் போய், பார்லிமெண்டு அங்கத்தினர்களிடம் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிரபல எழுத்தாளரான ஆலிவர் கோல்ட்ஸ்மித்துக்கும் ஒரு பிரதியோடு கடிதம் எழுதி, ஒரு புட்டி ஒயின் அருந்தியவாறு பேசலாம், வாருங்கள் என்று அழைத்தார்.

பலன்? ஒன்றுமில்லை. பார்லிமெண்டு அந்த மனுவைக் கவனிக்கவே இல்லை. சம்பளம் உயரவில்லை.

பெயின் ஊருக்குத் திரும்பி வந்தபோது புகையிலைக் கடை நொடித்துப் போயிருந்தது. கடன்காரர்கள் நெருக்கினார்கள். 1774 ஏப்ரல் 8-ஆம் தேதி, அனுமதி பெறாமல் வேலையை விட்டுப் போனதாகக் காரணம் காட்டி, கலால் வாரியம் அவரை இரண்டாம் தடவையாக நீக்கியது. சம்பள உயர்வு கேட்டது பற்றி உத்தரவில் ஒரு வார்த்தை கிடையாது. இருக்கவும் இருக்காது. மனுப் போட்ட குற்றத்துக்காக யாரையும் எந்தக் காலத்திலும் தண்டிப்பதில்லை. வேறு ஏதாவது ஒரு குற்றம் எப்போதும் கைவசம் இருக்கும். ஒரு வாரத்துக்குள் வீட்டுச் சாமான்களும் கடைச் சாமான்களும் ஏலத்துக்குப் போயின. ஜூன் மாதம் கணவனும் மனைவியும் பிரிந்தார்கள்.

வாசகர்கள் கேட்கலாம்: இவ்வளவு அழகாக எழுதிய மனு ஏன் தோற்றது? என் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். மனுவில் குற்றம் இல்லை. ஆனால் அதைப் படித்தவர்களுக்கு, 'இல்லை' என்று சொல்வதால் அன்றைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கசிந்து போகும் வரிப் பணம் கண்ணுக்குத் தெரியாது; உயர்த்திக் கொடுக்க வேண்டிய சம்பளம் கண்ணுக்குத் தெரியும். மேலும், வாரியத்தின் தலைக்கு மேலே தாண்டி, பார்லிமெண்டின் இரண்டு சபைகளுக்கும் எழுதப்பட்ட மனு அது. அப்படித் தாண்டினால், மேலே இருப்பவர் கை கொடுக்கிற வரையில், நடுவில் இருப்பவர் சும்மா இருப்பாரா?

இருபத்தைந்து வருஷம் கழித்து நடந்ததைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். அது மூன்றாவது மனு.

1797-ல் இங்கிலாந்து பிரெஞ்சுக்காரர்களோடு போராடிக் கொண்டிருந்தது. போர்ட்ஸ்மத்துக்கு எதிரே ஸ்பிட்ஹெட் என்ற இடத்தில் கடற்படை நங்கூரமிட்டிருந்தது. மாலுமிகளின் சம்பளம் இரண்டாம் சார்லஸ் மன்னர் காலத்துக்கு அப்புறம் உயரவே இல்லை. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தரைப்படைக்கு மட்டும் சற்று முன்னால் உயர்த்திக் கொடுத்திருந்தார்கள். கப்பலில் உணவு நிறுக்கும் ராத்தல் இன்னொரு கொடுமை. பதினாறு அவுன்ஸ் கொண்ட ராத்தலில் இரண்டு அவுன்ஸைப் பண்டகசாலைக்காரனுக்கென்று கழித்துவிட்டுப் பதினாலுதான் கொடுப்பார்கள்.

மாலுமிகள் யாருக்கு எழுதினார்கள் தெரியுமா? ஹவ் பிரபு என்ற எழுபது வயது தாண்டிய கடற்படைத் தலைவருக்கு. மாலுமிகளிடம் அன்புள்ளவர் என்று பெயர் பெற்றவர் அவர். அப்போது உடல்நலமில்லாமல் பாத் நகரில் இருந்தார். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கப்பல்களிலிருந்து பதினொரு மனுக்கள் அவருக்குப் போயின. மரியாதையான மனுக்கள்தான். ஆனால் ஒன்றிலும் கையெழுத்து இல்லை. போட்டவனைத் தேடிப் பிடித்துத் தண்டித்துவிடுவார்களே! ஒன்றைப் போலவே இன்னொன்று இருந்ததால், யாரோ ஒரு விஷமி எல்லாவற்றையும் எழுதியிருக்க வேண்டும் என்று கிழவர் எண்ணிவிட்டார். கடற்படையில் அதிருப்தி ஏதாவது உண்டா என்று விசாரித்தார். ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. மனுக்களைக் கடற்படை இலாகாவுக்கு அனுப்பிவிட்டு அத்துடன் விட்டுவிட்டார். இலாகாவும் சும்மா இருந்துவிட்டது.

ஏப்ரல் 16-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை, கப்பல்களை நகர்த்த உத்தரவாயிற்று. மாலுமிகள் பாய்மரக் கயிறுகளின் மேல் ஏறி நின்று ஜய கோஷம் செய்தார்கள். நங்கூரத்தை மட்டும் எடுக்கவில்லை.

பதினாறு கப்பல்கள். கப்பலுக்கு இரண்டு பேராக முப்பத்திரண்டு பிரதிநிதிகள், ஹவ் பிரபுவின் பழைய கப்பலான 'குவீன் சார்லட்'டில் கூடினார்கள். கப்பல்களில் வழக்கமான ஒழுங்கு குலையவில்லை. குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவனை அவர்களே தண்டித்தார்கள். எதிரியின் கடற்படை வெளியே கிளம்பினால் நாங்களும் கிளம்புவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். கேட்டவை: சம்பளம், முழு ராத்தல், துறைமுகத்தில் இருக்கும்போது காய்கறி, நோயாளிகளுக்குச் சரியான கவனிப்பு, கரைக்குப் போய்வர அனுமதி. கடற்படை இலாகாவின் பெரியவர்கள் லண்டனிலிருந்து ஓடி வந்தார்கள். இரண்டு மாதம் படிக்கப்படாமல் கிடந்த காகிதத்தை, இப்போது வரிக்கு வரி படித்தார்கள்.

பார்லிமெண்டு தாமதம் செய்ததால் மே மாதம் மறுபடியும் கலகம் மூண்டது. 'லண்டன்' என்ற கப்பலில் துப்பாக்கி வெடித்துச் சில உயிர்கள் போயின. அதன் பிறகுதான் சட்டம் அவசரமாக நிறைவேறியது. நோயாளிக் கிழவர் ஹவ் பிரபுவே படகில் ஏறிக் கப்பல் கப்பலாகச் சென்று மாலுமிகளைச் சமாதானம் செய்தார். அரசரின் மன்னிப்பு எல்லோருக்கும் கிடைத்தது. மாலுமிகள் வெறுத்த அதிகாரிகள் பலர் கரைக்கு மாற்றப்பட்டார்கள். ஒரே மாதத்தில் விஷயம் முடிந்தது.

அப்படியானால் காகிதத்தால் பயனில்லை, நங்கூரம்தான் பேசுகிறது என்று முடிவு கட்டிவிடலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே வருஷத்தில் நோர் என்ற இடத்தில் இன்னொரு கலகம் நடந்தது. அங்கே கோரிக்கைகள் நாளுக்கு நாள் வளர்ந்தன. லண்டனுக்குப் போகும் கப்பல்களையே மறித்தார்கள். அது சிதறிப் போயிற்று; தலைவனாக இருந்த ரிச்சர்ட் பார்க்கர் ஜூன் 30-ஆம் தேதி தூக்கிலிடப்பட்டான். ஸ்பிட்ஹெட் மாலுமிகளிடமோ, என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், எது கிடைத்தால் போதும் என்பது முன்னாலேயே எழுத்தில் இருந்தது. எதிரில் வந்து உட்கார்ந்தவர்கள், 'சரி' என்று சொல்வதற்கு வசதியாக ஒரு காகிதம் தயாராக இருந்தது. கதவைத் திறக்கக் காகிதத்தால் முடியாமல் போகலாம். திறந்த பிறகு உள்ளே போய்ப் பேசுவதற்கு அது இல்லாமல் முடியாது.

பெயினுடைய மனுவும் முழுக்க வீணாகிவிட்டதாக நான் நினைக்கவில்லை. அந்த அலைச்சலின்போது கலால் வாரியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லூயிஸ் ஸ்காட் என்பவரின் சிநேகம் அவருக்கு வாய்த்தது. அவர் மூலம் பெஞ்சமின் பிராங்க்ளினின் பழக்கம் ஏற்பட்டது. வேலையும் வீடும் போன மனிதருக்குப் பிராங்க்ளின் ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். குமாஸ்தாவாகவோ, பள்ளிக்கூடத்தில் உதவி உபாத்தியாயராகவோ, நில அளவை உதவியாளராகவோ இவரை வைத்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருந்தது. 1774 நவம்பர் 30-ஆம் தேதி, கப்பல் ஜுரத்தோடு பெயின் பிலடெல்பியா போய்ச் சேர்ந்தார். 1776 ஜனவரி 10-ஆம் தேதி அவருடைய 'காமன் சென்ஸ்' வெளியாயிற்று. அமெரிக்கர்கள் இனி ராஜாவுக்கு மனுப் போட்டுக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை என்று அந்தப் புத்தகம் சொல்லிற்று. அதைச் சொல்ல, மனுப் போட்டுப் பார்த்தவரைவிடத் தகுதி உள்ளவர் யார்?

இனி எங்கள் மனுவுக்கு வருகிறேன். மூத்தவர் என் நாலு பக்கத்தை ஒரு பக்கமாக்கினார். தகப்பனும் குழந்தையும் போனார்கள். ஆறு மாதத்தில் பதினொரு பேரும் கூடுதலாக உழைத்த மணிகள் ஒரு சிறு அட்டவணையாக வந்தன. கேட்டது ஒன்றே ஒன்று. யாரையும் குறை சொல்லவில்லை. கையெழுத்துப் போடும் நேரத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முதல் கையெழுத்து யாருடையது என்று மேலே இருப்பவர்கள் பார்ப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மூத்தவர் ஒன்றும் பேசாமல் பேனாவை வாங்கி முதலில் போட்டார். எழுதிய நான் ஏழாவதாகப் போட்டேன்.

மனுவுக்குப் பதில் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, வேலை வசதியை முன்னிட்டு என்று காரணம் எழுதி, மூத்தவரை ஊருக்கு வெளியே இருந்த கிடங்குக்கு மாற்றினார்கள். பஸ்ஸில் போக வர மூன்று மணி நேரம். அடுத்த வருஷம் மாதக் கடைசி வேலைக்கு ஒரு படி கொடுக்க ஆரம்பித்தார்கள். உத்தரவில் மனுவைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் படியைக் கணக்கிட்டிருந்த விதம் எங்கள் அட்டவணையில் இருந்த விதமேதான்.

செய்தியைச் சொல்வதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். "கிடங்கிலே இருக்கறவங்களுக்கும் அது உண்டா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு வெள்ளைக் காகிதம் எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

"அப்போ இன்னொண்ணு எழுது. ஒரு பக்கத்துக்கு மேலே போகப்படாது" என்றார்.

எழுதினேன். அந்தத் தடவை முதல் கையெழுத்து என்னுடையது.